பல் பிடுங்கப் போனவர்கள்

தருவைப்பட்டி ஆஸ்பத்திரியில் எஸ்தாக்கிக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்த அன்றைக்கு, சுயம்புக்கனி தன் மகன் லிங்கத்துரைக்கு வலிப்பு மாத்திரை வாங்குவதற்காக வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு வரும்போதே அந்த ஆள் எழுந்து உட்கார்ந்து, வாந்தி இல்லாமல், தலைசுற்றல் இல்லாமல், நாக்குக் குழறாமல், மத்தியானத் தூக்கம் போட்டு எழுந்தவன் மாதிரிச் சோம்பல் முறித்து, "ஏட்டி புஷ்பம், அந்தக் காப்பிய ஊத்து" என்றான். பிளாஸ்க்கோடு நின்ற மரியபுஷ்பம் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "யாருய்யா நீ? ஏட்டி கீட்டிங்கிற வேலையெல்லாம் ஒன் வீட்டுல வச்சுக்கோ" என்றாள். அவன் முதலில் சிரித்தான், பிறகு பிள்ளைகள் பேரைச் சொன்னான், பிறகு அவள் முதுகில் இருக்கிற மச்சத்தைச் சொன்னான், மச்சத்தைச் சொன்னதும் அவள் பிளாஸ்க் மூடியால் அவன் வாயிலேயே ஒரு போடு போட்டாள். அவன் சுற்றுமுற்றும் பார்த்து, சுயம்புக்கனியைக் கண்டு, கையெடுத்துக் கும்பிட்டான். "சுயம்பு மதினி, நீங்களாவது சொல்லுங்க. அடுத்தடுத்த வீடுல்லா? ஒங்க கூரைக்கு ஓலை மாத்துனது நாந்தான?" என்றான். சுயம்புக்கனி அவனை நன்றாக உற்றுப் பார்த்தாள். சத்தியமாக அந்த முகத்தை அவள் முன்னே பின்னே பார்த்ததில்லை. "எனக்குத் தெரியாதுப்பா" என்று சொல்லிவிட்டு லிங்கத்துரையைத் தன் பக்கம் இழுத்து உட்கார்த்திக்கொண்டாள்.

அங்கே யாரும் பொய் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் குணசீலனுக்கு மட்டும் அவன் எஸ்தாக்கி என்று தெரியும், மரியபுஷ்பம் அவன் பெண்டாட்டி என்றும் தெரியும். குணசீலன் மயக்க மருந்து டாக்டர். பிள்ளை பெற வைத்த டாக்டர் பேரைப் பிள்ளைக்கு வைப்பார்கள், வயிற்றைக் கிழித்துத் தைத்தவருக்குக் கோழி கொண்டுவந்து கொடுப்பார்கள், தூங்க வைத்து எழுப்பினவரை எந்த நாயும் நினைக்காது என்கிற ஆற்றாமை அவருக்கு வேலைக்கு வந்த நாளிலிருந்தே உண்டு. நரம்பில் ஏற்றும்போது எரியக் கூடாது, மூச்சு அடங்கக் கூடாது, ரத்த அழுத்தம் இறங்கக் கூடாது, முழிக்கும்போது பளிச்சென்று முழிக்க வேண்டும், இந்த நாலும் சேர்ந்த ஒரு மருந்துக்காக ஆஸ்பத்திரிக்குப் பின்கட்டில் அறை போட்டுத் தலைமயிர் கொட்டும்வரை உழைத்து, கடைசியில் பதநீர் நிறத்தில் ஒன்றை வடித்தெடுத்தார். முயலுக்குப் போட்டார், பிறகு வெள்ளாட்டுக்குட்டிக்குப் போட்டார். குட்டி மூன்றே நிமிஷத்தில் துள்ளி எழுந்து தாயிடம் ஓடியது. தாய் ஆடு அதை முட்டித் தள்ளியது, மடியில் வாய் வைத்தபோதெல்லாம் உதைத்தது, பால் கட்டிப்போய்க் கத்திக்கொண்டே கிடந்தது, ஊசி போட்ட குட்டி அத்தனைக்கும் இதே கதி. மருந்து வாடை ஆட்டுக்குப் பிடிக்கவில்லை போல என்று டாக்டர் நினைத்தார். குட்டிகளுக்குப் புட்டிப்பால் கொடுக்க ஓர் ஆளை வைத்துவிட்டு, மனுஷனுக்குப் போட அனுமதி கேட்டு மேலே எழுதினார்.

அனுமதி வந்தது, எஸ்தாக்கிக்குப் போட்டார், அவனுக்குப் பிறகு வந்தவர்களுக்கும் போட்டார். மருந்துக் கம்பெனிக்காரர்கள் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு காரில் வந்து இறங்கி, வீடு வீடாகப் போய், ஊசி போட்டவர்களுக்கு ஏதாவது தொந்தரவு உண்டா என்று விசாரித்தார்கள். "எங்க வீட்டுல யாருக்கும் ஆபரேஷனே நடக்கலியே சார்" என்றார்கள் எல்லா வீட்டிலும். ஒரு புகார் இல்லை, ஒரு வழக்கு இல்லை, செத்துப்போனான் என்று மாரடித்துக்கொண்டு வந்த சொந்தக்காரன் ஒருத்தன் இல்லை. இந்த மாதிரி ஒரு மருந்தை உலகத்தில் எங்கேயும் பார்த்ததில்லை என்று கம்பெனிக்காரர்கள் டாக்டருக்குப் பொன்னாடை போர்த்தி, அல்வா சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், ரொம்ப சுலபமாக எடுத்துக்கொண்டது. புருஷனை மறந்தவளுக்குப் புருஷன் என்று ஒருத்தன் இருந்ததே இல்லை, பிறகு எதைத் தேடுவாள்? அலமாரியில் கிடந்த ஆம்பிளைச் சட்டையை எவனோ விட்டுப்போனதென்று தரை துடைக்கக் கிழித்தார்கள். கல்யாணப் போட்டோவில் பக்கத்தில் நிற்கிறவன் யார் என்று கேட்டால், "போட்டோக்காரன் ஊடால எவனையோ நிப்பாட்டிட்டான்" என்றார்கள். மறக்கப்பட்டவர்களுக்கோ ஒன்றுமே மறக்கவில்லை. அவர்கள் கொஞ்ச நாள் தங்கள் தங்கள் வீட்டு வாசலில் நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தார்கள், நாயை ஏவிவிட்டார்கள் வீட்டுக்காரர்கள், வெந்நீரை ஊற்றினார்கள், பிறகு அவர்களாகவே ஒவ்வொருத்தராக ஆஸ்பத்திரிக்குப் பின்னால் உப்பு மூட்டை அடுக்குகிற பழைய கிட்டங்கிக்குள் போய் ஒண்டிக்கொண்டார்கள். கிட்டங்கி ஆட்கள் என்று அவர்களுக்குப் பேர் விழுந்தது. ஊர்க்காரர்கள் ஈரமில்லாதவர்கள் என்று யாரும் சொல்லிவிட முடியாது, அமாவாசைக்கு அமாவாசை அண்டாவில் சோறு கொண்டுபோய் வரிசையில் வைத்து ஊற்றினார்கள். "எந்த நாசமாப் போறவனோ பெத்த தாயைக் கொண்டாந்து இப்படித் தள்ளிட்டுப் போயிருக்கான், அவன் குடும்பம் வெளங்குமா?" என்று சோறு ஊற்றினவனே சபித்தான். இலையை ஏந்திக்கொண்டு நின்ற கிழவி அவனைப் பெற்றவள். "அப்படிச் சொல்லாத ராசா, அவன் பிள்ளகுட்டிக்காரன்" என்று அவள் அழுதாள்.

இந்த மருந்தின் மகிமை டாக்டர் வாய் வழியாகத்தான் வெளியே வந்தது. அவர் கிட்டங்கிப் பக்கம் போகும்போதெல்லாம் எல்லாரையும் பேர் சொல்லி, இன்னார் புருஷன், இன்னார் மகள் என்று உறவு சொல்லிக் கூப்பிட்டார், மண்டையில் அடித்துக்கொண்டு அழுதார், இரண்டு பேரைக் கையைப் பிடித்து அவர்கள் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போய்ச் செருப்படி வாங்கிக்கொண்டு திரும்பினார். டாக்டருக்குக் கழண்டுபோச்சு என்று சிரித்த ஊர், சிரித்து முடித்ததும் யோசித்தது. யோசிக்க ஆரம்பித்தால் நம் ஆட்களுக்குச் சொல்லிக் கொடுக்கவா வேண்டும்? படுக்கையிலேயே மலஜலம் போகிற மாமியார், ஓடிப்போய்த் திரும்பிவந்த மகள், பாகம் கேட்கிற அண்ணன், ஒன்றுக்கும் உதவாமல் கூடத்தில் உட்கார்ந்து உளறிக்கொண்டிருக்கிற சித்தப்பா. போட்டுவிட்டால் மனசாட்சி உறுத்தாது, ஏனென்றால் உறுத்துவதற்கு அங்கே ஆளே இருந்ததில்லை. காரணம் இல்லாமல் மயக்கம் கொடுக்கக் கூடாது என்று கம்பெனி விதி இருந்ததால், பக்கத்து அறைப் பல் டாக்டர் ஆளுக்கு ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார். அதனால் ஊரில் அதற்கு "பல் பிடுங்கப் போறது" என்று பேர். "எங்க பெரியம்மைக்கு ஒரு பல்லப் பிடுங்கணும் டாக்டரய்யா" என்று தலையைச் சொறிந்துகொண்டு வந்து நிற்பார்கள், மூன்று நிமிஷம் கழித்து எதற்கு இங்கே வந்தோம் என்று தெரியாமல் முழித்துவிட்டு, நர்ஸ் கொடுத்த டீயைக் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். டாக்டர் மாட்டேன் என்று சொல்லிப் பார்த்தார். கம்பெனிக்கு இன்னும் ஆள் கணக்கு வேண்டியிருந்தது. போட்டார்.

சுயம்புக்கனி வீட்டுக்கு வருவோம். புருஷன் உப்பளத்தில் லாரி ஏறிச் செத்தபோது லிங்கத்துரை கைப்பிள்ளை, செல்வபாக்கியம் வயிற்றில் இருந்தாள். உப்பு வாரி வாரிக் கால் வெடித்து இரண்டையும் ஆளாக்கினாள். லிங்கத்துரைக்கு ஆள்தான் வளர்ந்ததே தவிர புத்தி ஐந்து வயசிலேயே நின்றுவிட்டது, அதோடு வலிப்பு, பேசிக்கொண்டே இருக்கும்போது கண் செருகிக் கீழே விழுந்து வாயில் நுரை தள்ளுவான், விழுந்து எழுந்ததும் "எம்மா, நான் எங்க போயிருந்தேன்?" என்று கேட்பான். அவளுக்கு அவன் என்றால் உயிர். பாக்கியத்தைப் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் அவன் ஒரு தடவை அப்படி விழுந்தான், காப்பித் தட்டைக்கூடத் தொடாமல் எழுந்து போனார்கள். அடுத்து வந்தவர்களிடம் மறைத்தார்கள், அக்கம்பக்கத்தில் எவளோ போட்டுக்கொடுத்தாள். "குடும்பத்துல கோளாறு இருக்குன்னு சொல்லுதாவ" என்று தரகர் வருவதையே நிறுத்திவிட்டார்.

கடைசியாக உடன்குடியிலிருந்து ஜெயக்கொடி என்று ஒரு மாப்பிள்ளை, பலசரக்குக் கடை, ஒரே மகன், பாக்கியத்தைக் கோயிலில் பார்த்துப் பிடித்துப்போய்க் கேட்டு அனுப்பினான். சுயம்புக்கனியின் தம்பி பெருமாள்கனி வந்து உட்கார்ந்துகொண்டான்.

"யக்கா, ஒரு பல்லப் பிடுங்கிருவோம்" என்றான்.

"வாயக் கழுவுல. நான் பெத்தது அது."

"பெத்தது ரெண்டுல்லா? இன்னொன்ன நெனச்சுப் பார்த்தியா? அவனுக்கென்ன, கிட்டங்கியில திம்பான், தூங்குவான், அவனுக்கு வீடும் ஒன்னுதான் காடும் ஒன்னுதான். நமக்கும் தெரியப்போறதில்ல. பொய் சொல்ல வேண்டாம், மறைக்க வேண்டாம், அண்ணன் தம்பி உண்டான்னு கேட்டா இல்லன்னு உள்ளபடியே சொல்லலாம்."

பாக்கியம் கதவுக்குப் பின்னால் நின்றாள். "நீ என்னட்டி சொல்லுத?" என்று சுயம்புக்கனி கேட்டதற்கு, "நான் என்னத்தச் சொல்ல, உப்பளத்துக்கு நேரமாயிட்டு" என்று சட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். வெயிலில் கறுத்து வெடித்த அவள் குதிகாலைச் சுயம்புக்கனி பார்த்தாள். தன் காலை அப்படியே பிடுங்கி மகளுக்கு வைத்த மாதிரி இருந்தது.

அன்றைக்கே போய் டாக்டரைப் பிடித்தாள். "எல்லாருக்கும் மறக்குதே, ஒமக்கு மட்டும் எப்படிய்யா மறக்கல?" என்று கேட்டாள். இந்தக் கேள்வியை ஊரில் வேறு யாரும் அவரிடம் கேட்டதில்லை. டாக்டர் தன் வலதுகைக் கட்டைவிரலை நீட்டிக் காட்டினார். "ஊசியத் தள்ளுனது இது. தள்ளுன கைக்காரனுக்கு மட்டும் மறக்காது. அத்தனை பேரும் எந்தலைக்குள்ள உக்காந்திருக்காங்கம்மா. ராத்திரி கண்ண மூடவிட மாட்டாங்க."

"அப்போ என் மகனுக்கு நானே தள்ளுதேன்."

"வேண்டாம்மா. தெரிஞ்சு வச்சுக்கிட்டு ஒன்னால இருக்க முடியாது."

"ஒம்ம சோலியப் பாரும்" என்றாள் சுயம்புக்கனி.

அப்படித்தான் அது நடந்தது. லிங்கத்துரை புதுச் சட்டை போட்டுக்கொண்டு சந்தோஷமாக வந்து மேஜையில் படுத்தான். டாக்டர் நரம்பில் ஊசியைச் செருகி வைத்தார், குத்தின இடத்தில் அவள் வாயால் ஊதி ஊதி விட்டாள், சின்ன வயசிலிருந்து எந்த ஊசிக்கும் அவள் அப்படித்தான் ஊதுவாள், பிறகு தன் கட்டைவிரலை வைத்து அந்தப் பதநீரை ஒரு சொட்டு மிச்சமில்லாமல் தள்ளினாள். தள்ளி முடித்து நிமிர்ந்தபோது டாக்டர், "இந்தப் பையன் யாரும்மா, கூட வந்தவங்க எங்க?" என்று அவளிடம் கேட்டார். வாசலில் நின்ற பெருமாள்கனி எட்டிப் பார்த்து, "யக்கா, இங்க என்ன செய்யுத? வா, பொண்ணு கேட்டு வாறாவ" என்றான்.

லிங்கத்துரை மறுநாளே வீட்டைத் தேடி வந்துவிட்டான். அவனுக்கு வழி தெரியும். பாக்கியம் வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். "ஏட்டி பாக்கியம், எனக்குப் பல்லு பிடுங்கிட்டாங்க, பாரு" என்று வாயைத் திறந்து காட்டினான். அவள் அலறிக்கொண்டு வாளியோடு தண்ணீரை அவன் மேல் விசிறி, விளக்குமாற்றால் முகத்தோடு சேர்த்துச் சாத்தினாள். "எம்மா, எவனோ பைத்தியாரன் வீட்டுக்குள்ள வாறான்!" சுயம்புக்கனி ஓடிவந்தாள். அவன் அடி வாங்கிக்கொண்டே, "எம்மா, பாக்கியம் என்னய அடிக்கா" என்று முறையிட்டான். மகள் பார்த்துக்கொண்டிருக்கையில் சுயம்புக்கனி அவனைப் பார்த்து, "போப்பா, அந்தப் பக்கம் போ" என்றாள். அவன் போனான். முக்குத் திரும்புகிற வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான்.

கல்யாணம் நடந்தது. கிட்டங்கி ஆட்களுக்குக் கடைசிப் பந்தி போடுவது ஊர்வழக்கமாகியிருந்ததால் லிங்கத்துரையும் வந்து உட்கார்ந்தான், சுயம்புக்கனி மற்ற இலைகளுக்கு ஒரு கரண்டி, அவன் இலைக்கு மூன்று கரண்டி என்று பாயசம் ஊற்றினாள். பாக்கியத்தைப் புருஷன் வீட்டுக்கு அனுப்பி வைத்த கையோடு தூக்குவாளியை எடுத்துக்கொண்டு கிட்டங்கிக்குப் போக ஆரம்பித்தாள். காலையில் கஞ்சி, சாயங்காலம் மீன்குழம்புச் சோறு. அவனுக்குத் தலை துவட்டிவிட்டாள், நகம் வெட்டிவிட்டாள், வலிப்பு வந்தால் மடியில் போட்டு வைத்துக்கொண்டாள். இப்படியே காலத்தை ஓட்டிவிடலாம் என்றுதான் அவள் நினைத்தாள்.

ஊர் நினைத்தது வேறு. ஊருக்கு அவன் அவள் மகன் இல்லையே. நாற்பத்தைந்து தாண்டாத ஒரு தாலியறுத்தவள், மகளைக் கட்டிக்கொடுத்த மறுநாளிலிருந்து, மீசை முளைத்த ஒரு முழு ஆம்பிளைக்கு ஊட்டிவிடுகிறாள், மடியில் போட்டுக்கொள்கிறாள், இதுதான் ஊருக்குத் தெரிந்தது. குழாயடியில் அவள் போனால் பேச்சு நின்றது. உப்பளத்தில் அவள் பக்கத்துப் பாத்திக்கு எவளும் வரவில்லை. கங்காணி பல்லைக் காட்டிக்கொண்டு, "எனக்கும் கொஞ்சம் ஊட்டிவிடேன் சுயம்பு" என்றான். அவள் உப்பு வாரும் பலகையை ஓங்கினாள், வேலை போயிற்று. ஒரு நாள் மாப்பிள்ளையின் தாய் ஆவுடைத்தங்கம் வாசலோடு நின்று, உள்ளே வராமல், செருப்பைக்கூடக் கழற்றாமல் பேசினாள்.

"மதினி, ஒங்களுக்கு அரிப்புன்னா அது ஒங்க பாடு. எங்க கடையில வந்து நின்னு சனங்க சிரிக்காவ. ஒங்க மகள நான் கொண்டாந்து விடுதேன், வச்சுக்கிடுங்க."

பாக்கியத்தைக் கொண்டுவந்து விட்டேவிட்டார்கள். அப்போது அவள் மூன்று மாசம். வந்தவள் தாயின் முடியைப் பிடிக்காத குறைதான். "ஏன் எம்மா என் வாழ்க்கையில மண்ணள்ளிப் போடுத? அந்தப் பைத்தியாரன் ஒனக்கு யாரு?"

"ஒன் அண்ணன்டி."

"எனக்கு அண்ணனே கிடையாது."

"நாந்தான் என் கையால அவனுக்கு ஊசி போட்டேன், ஒனக்காவ. ஒன்னக் கட்டிக்கொடுக்க. சாமி சத்தியமா ஒன் கூடப்பொறந்தவன்டி."

பாக்கியம் தாயை வெறித்துப் பார்த்தாள். அந்தப் பார்வையில் நம்பிக்கை ஒரு துளி இல்லை, அருவருப்பு மட்டும் இருந்தது. "நல்ல கதை கட்டுத" என்று காறித் துப்பினாள். சுயம்புக்கனிக்கு அழுகைகூட வரவில்லை. உட்கார்ந்து நிதானமாக யோசித்தாள். மகளுக்கு இப்படி ஒரு தாய் இல்லாமல் போனால் மகள் வாழ்வாள். கிட்டங்கியில் போய் இருந்துவிட்டால் ஊர் பேச ஒன்றுமில்லை, கிட்டங்கி ஆட்களைப் பற்றி யார் பேசுகிறார்கள்? மகனோடு கிடக்கலாம். அவனுக்கு மட்டும் தன்னை மறக்காமல் இருக்க வேண்டும், அதற்கும் வழி அவளிடம் இருந்தது.

"நான் பல்லு பிடுங்கிக்கிடுதேன் பாக்கியம்" என்றாள்.

பாக்கியம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எப்போ?" என்று கேட்டாள்.

அவகாசம் கேட்டுக்கொண்டு சுயம்புக்கனி மகனைப் பழக்கினாள். டாக்டரிடம் ஒரு வெறும் ஊசிக்குழலை வாங்கி வந்து, அதில் தண்ணீரை நிரப்பி, கட்டைவிரலை எங்கே வைப்பது, எப்படி ஒரே சீராகத் தள்ளுவது என்று சொல்லிக் கொடுத்தாள். லிங்கத்துரைக்கு அது பிடித்துப்போயிற்று. சிரட்டைக்குள் தள்ளினான், எறும்புப் புற்றுக்குள் தள்ளினான், எஸ்தாக்கியின் காதுக்குள் தள்ளி அவன் விரட்ட, கிட்டங்கியைச் சுற்றி ஓடிச் சிரித்தான். "நான் சொல்லும்போது எனக்குத் தள்ளணும் மக்கா, கடைசி வரைக்கும் தள்ளணும், செய்வியா?" "செய்வேன் எம்மா." "தள்ளிட்டா நாம ரெண்டு பேரும் ஒன்னாவே இருக்கலாம், நான் வீட்டுக்குப் போவ வேண்டாம்." "மீன்குழம்பு?" "இங்கேயே வைப்பேன்." அவன் அவள் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினான். புருஷன் செத்த பிறகு அவள் இவ்வளவு சந்தோஷமாக இருந்த நாட்கள் கிடையாது.

அந்த நாள் வந்தது. பாக்கியத்தைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போக வந்த ஜெயக்கொடி ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோவில் உட்கார்ந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான், அங்காடிக்குச் சரக்கு எடுக்க நேரமாகிறது அவனுக்கு. பாக்கியம் தாயைக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தாள், மேஜைக்குப் பக்கத்தில் அந்தப் பைத்தியாரன் நிற்பதைக் கண்டு முகத்தைச் சுளித்தாள். பல் டாக்டர் குறட்டோடு தயாராக நின்றார். குணசீலன் டாக்டர் சுயம்புக்கனியின் புறங்கையில் ஊசியைச் செருகி, மருந்துக் குழலைப் பொருத்தி, லிங்கத்துரையிடம் கொடுத்தார்.

"தள்ளு மக்கா" என்றாள் சுயம்புக்கனி.

அவன் கட்டைவிரலைச் சரியாகத்தான் வைத்தான். வைத்துவிட்டு, அம்மாவின் கையைப் பார்த்தான். ஊசி தோலுக்குள் போயிருந்தது, அந்த இடத்தில் ஒரு பொட்டு ரத்தம். அவன் பழகினதெல்லாம் சிரட்டையிலும் புற்றிலும், அங்கே ரத்தம் வரவில்லை. "எம்மாக்கு வலிக்கும்" என்றான்.

"வலிக்காது ராசா. தள்ளு."

"வலிக்கும்." அவன் குழலை அப்படியே அவள் மேல் விட்டுவிட்டு, குனிந்து, இரண்டு கையாலும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, குத்தின இடத்தில் ஊத ஆரம்பித்தான். ஊதினான், ஊதினான், கன்னம் உப்ப உப்ப ஊதினான். "ஏல, தள்ளுல, தள்ளிருல மக்கா" என்று அவள் கெஞ்சக் கெஞ்ச, அவன் தலையை ஆட்டிக்கொண்டு, எச்சில் தெறிக்க ஊதிக்கொண்டே இருந்தான். வெளியே ஹாரன் சத்தம் நிற்கவில்லை. பாக்கியம் டாக்டரைப் பார்த்தாள். "நீங்க தள்ளுங்க டாக்டர், நேரமாவுதுல்லா."

டாக்டர் தன் வலதுகையைப் பின்னால் கொண்டுபோய்க் கட்டிக்கொண்டார். அவர் தலைக்குள் இனி ஒரு ஆளுக்கு இடமில்லை. இன்னொருத்தியையும் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போக அவரால் ஆகாது. "நீயே தள்ளிரு தாயி" என்றார். தள்ளுகிற கைக்கு மறக்காது என்று அவருக்குத் தெரியும், பாக்கியத்துக்குத் தெரியாது, யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. சுயம்புக்கனி, "நீ வேண்டாம், பாக்கியம், நீ தள்ளக் கூடாது, அவன்..." என்று எழுந்திருக்கப் பார்த்தாள். பாக்கியம் லிங்கத்துரையைத் தோளால் ஒரு இடி இடித்து ஒதுக்கிவிட்டு, குழலைப் பற்றி, ஒரே தள்ளாகத் தள்ளினாள்.

மூன்று நிமிஷம் கழித்துச் சுயம்புக்கனி பளிச்சென்று முழித்தாள். மருந்தில் ஒரு குறை சொல்ல முடியாது, தலைசுற்றல் இல்லை, குமட்டல் இல்லை, பல் போன இடத்தில் பஞ்சு அடைத்திருந்தது, அவ்வளவுதான். டாக்டர் அவளைக் குனிந்து பார்த்து, "நீங்க எந்த ஊரும்மா?" என்று மரியாதையாகக் கேட்டார். ஜன்னல் ஓரத்தில் பாக்கியம் நின்றாள். அவள் கண் தாயின் கண்ணோடு முட்டியது, முட்டின கணத்தில் இரண்டு பேருக்குமே விளங்கிவிட்டது. பாக்கியத்துக்கு ஒன்றும் மறக்கவில்லை. அவள் ஓர் அடி முன்னால் எடுத்து வைத்தாள். அப்போது ஜெயக்கொடி உள்ளே வந்து தலையைச் சொறிந்தான். "பாக்கியம், நாம எதுக்கு இங்க வந்தோம்? இந்தம்மா யாரு?"

பாக்கியம் தன் வயிற்றில் கையை வைத்துக்கொண்டாள். "தெரியலீங்க" என்றாள். "எனக்குக் கொஞ்சம் தலை சுத்துன மாதிரி இருந்துது, அதான். வாங்க, போவம்." ஆட்டோ சத்தம் கேட்டது, பிறகு அது தேய்ந்து போயிற்று.

அவளைக் கிட்டங்கிக்கு அனுப்பினார்கள். வழி காட்ட நர்ஸ் லிங்கத்துரையைத்தான் கூட விட்டாள். அவன் அவளுக்கு முன்னால் நடந்தான், தொட்டுக்கொள்ளாமல், இரண்டு எட்டு தள்ளியே நடந்தான். கிட்டங்கிக்குள் போய், சாக்கை உதறி விரித்து, "இங்க உக்காருங்க" என்றான். அவள் பஞ்சு அடைத்த வாயோடு அவன் முகத்தையே பார்த்தாள். அவனைக் கையைப் பிடித்து இழுத்தாள், அவன் கூச்சப்பட்டு உருவிக்கொண்டான்.

"மக்கா" என்றாள், சொல் ரத்தத்தோடு குழைந்து வந்தது. "நான் யாருன்னு தெரியுதா?"

அவன் நன்றாக உற்றுப் பார்த்தான். நேர்மையாக யோசித்தான். இல்லை என்று தலையை ஆட்டினான்.

"ஆஸ்பத்திரியில நின்னா பாத்தீங்களா, சிவப்புச் சேலை, அது எந்தங்கச்சி" என்றான். "அவளுக்கு என்னயத் தெரியாது." பிறகு சட்டைப் பையிலிருந்து பாதி பன்னை எடுத்து, அதில் ஒட்டியிருந்த எறும்பைத் தட்டிவிட்டு, அவள் மடியில் வைத்தான். அவள் அழுவதைப் பார்த்ததும் அவனுக்குக் கஷ்டமாகப் போய்விட்டது.

"அழாதீங்க" என்றான் லிங்கத்துரை. "எனக்கும் அம்மா கிடையாது. பழகிரும்."